நான் கலைக்காத கூடு

ஒரு மாதத்துக்கு மேல் நான் தலையில் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டுதான் என் வீட்டு மேல்தளத்துக்கு ஏறினேன். தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்குச் சட்டியைத் தட்டிக் காட்டினேன். என் வீடு, என் தளம், என் தலை. யாருக்கு என்ன?

சட்டி போட்டது பருந்துக்காக. எங்கள் வளவுத் தென்னையின் வட்டுக்குள், உச்சி மட்டைகளுக்கு நடுவில், ஒரு சோடிச் செம்பருந்து கூடு கட்டியிருந்தது. நான் மருதமுனையில் சேலை நெய்கிறவள். வீட்டுக்குப் பின்னால் கொட்டிலில் தறி. சாயம் போட்ட நூலைக் காயப்போடுவது மேல்தளத்தில். கட்டி முடிக்காத தளம் அது, தூண் கம்பிகள் இன்னும் வானத்தைப் பார்த்தபடி நிற்கின்றன. அங்கே நின்றால் தென்னையின் வட்டு பத்துப் பன்னிரண்டு எட்டு வைக்கும் தூரத்தில், கண்ணுக்கு நேரே தெரியும். பருந்துக்கும் நான் அப்படித்தான் தெரிந்திருப்பேன். அடைகாக்கத் தொடங்கிய நாளிலிருந்து, நான் நூல் வாளியோடு தலையைக் காட்டினால் போதும், பின்னாலிருந்து வந்து உச்சியில் ஒரு அறை விட்டுப் போகும். முதல் அறைக்கு முக்காடு கிழிந்தது. இரண்டாவதுக்கு இரத்தம் வந்தது. மூன்றாவது சட்டியில் விழுந்து டங்கென்றது. அன்றைக்கு நான்தான் வென்றேன்.

"நீ நூலக் கீழ காயப்போட்டா என்னகா?" என்று கேட்டார் என் மனிசன். அவர் ஒலுவில் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவர். எதையும் கழற்றிப் பூட்டினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்.

"நான் ஏன் இறங்கணும்? அதுவும் இரிக்கட்டும், நானும் இரிக்கன்."

"சரி சரி. உன்ட வளவு, உன்ட மரம். நான் வந்து குந்தின ஆள்தானே," என்று சொல்லிவிட்டு அவர் தன் பாட்டுக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னது பகிடி மட்டுமல்ல. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பார். உம்மாவின் வளவை இரண்டாகப் பிரித்து முன்துண்டை எனக்கு மூத்த ராத்தாவுக்கும் பின்துண்டை எனக்கும் எழுதினார்கள். ஆகவே பக்கத்து வீட்டுக்காரி என்பவள் எனக்குக் கூடப்பிறந்தவள். அவள் தும்மினால் எனக்குக் கேட்கும், நான் மீன் பொரித்தால் அவளுக்கு மணக்கும். நடுவில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு மதில். தென்னை மதிலிலிருந்து நாலு எட்டுத் தள்ளி என் பக்கத்தில் நிற்கிறது. ராத்தாவுக்கும் எனக்கும் வந்த சண்டையில் இந்த நாலு எட்டுத்தான் என்னுடைய முழுப் பலமும்.

சண்டைக்கு முன்னால் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லிவிட வேண்டும். அதை மறைத்தால் மிச்சமெல்லாம் பொய்யாகிப் போகும்.

மாரி மழை விட்டு வளவு காய்ந்துகொண்டிருந்த நாட்களில்தான் பருந்துகள் சுள்ளி சேர்த்தன. கடற்கரையில் வலை இழுக்கும் இடத்தில் எந்நேரமும் வட்டமிடுகிற பறவைதான். வெள்ளைத் தலை, வெள்ளை நெஞ்சு, மற்றதெல்லாம் செங்கல் நிறம். ஆனால் சுள்ளியைக் காலில் தூக்கிக்கொண்டு என் கொட்டிலுக்கு மேலால் போவதை அப்போதுதான் முதலில் பார்த்தேன். ஒருநாள் அதில் ஒன்று கொட்டில் வாசலில் இறங்கி, நான் வெட்டிப் போட்ட பருத்தி நூல் கொத்தொன்றை எடுத்துக்கொண்டு போனது. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் நூலில் ஒரு பருந்து வீடு கட்டுகிறது! மேல்தளத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். வெள்ளை நூல் சுள்ளிகளுக்கிடையில் தெரியவே இல்லை.

தெரியாதது எனக்குப் பிடிக்கவில்லை. சேலைக் கரைக்குப் போடுகிற பளபளப்பான பொலியெஸ்டர் நூல் என்னிடம் இருந்தது. கத்தரிப்பூ நிறத்திலும் கிளிப்பச்சையிலும் முழ நீளத்துக்கு வெட்டி வேலிக் கம்பியில் தொங்கவிட்டேன். இரண்டு நாளில் ஒன்றும் மிச்சமில்லை. மேலே போய்ப் பார்த்தால், கூட்டின் விளிம்பு முழுக்க என் நிறங்கள். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் தேடினாலும் இப்படி ஒரு கூடு கிடைக்காது என்று மனிசனிடம் பெருமை அடித்தேன். அவரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

குஞ்சு பொரித்ததும் ராத்தாவின் முற்றத்தில் கோழிக்குஞ்சு குறைய ஆரம்பித்தது. அவள் கோழிகளைப் பிள்ளை மாதிரி வளர்ப்பவள். ஒருநாள் காலையில் மதிலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"உன்ட பருந்து என்ட குஞ்சத் தூக்கிட்டுப் போகுது. நீ மேல நிண்டு பாத்துக்கிட்டு இரிக்காய்."

"என்ட பருந்தா? நான் என்ன பேர் வெச்சா வளக்கிறன்?"

"உன்ட மரம்தானே. கூட்டக் கலைச்சு விடு."

"கலைக்க மாட்டன்."

"எத்தின குஞ்சு போயிட்டுத் தெரியுமா?"

"ரெண்டுதான் பருந்து கொண்டு போன. நான் கண்ணால பாத்த. மத்ததெல்லாம் கீரிட வேல. கீரிட வளையும் உன்ட வேலிக்குக் கீழதான் இரிக்கி, அதப் போய்க் கலை."

அவள் விடவில்லை. "பருந்தக் கொல்லலாம் எண்டு மார்க்கத்திலயே இரிக்கி. மக்கத்து ஹறத்துக்குள்ளயும் கொல்லலாம். நான் கொல்லவா சொன்ன? கூட்டத்தானே கலைக்கச் சொன்ன?"

அவள் சொன்னது பிழையில்லை. தீங்கு செய்கிற ஐந்து உயிர்களில் பருந்தும் ஒன்று என்று குர்ஆன் மதரஸாவில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பாயில் இருந்து படித்தவர்கள்தான். ஆனால் நான் வாய் மூடுகிறவளா?

"கொல்லலாம் எண்டுதான் இரிக்கி. கொல்லத்தான் வேணும் எண்டு இல்ல. விட்டு வெச்சாக் குத்தமும் இல்ல. நான் விட்டு வெக்கிறன்."

எனக்கு வந்த கோபம் ராத்தாவின் மேல் மட்டுமல்ல. விடிந்தால் மீன் வாங்க ஓடுகிற ஊர் எங்களுடையது. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வீட்டுக்கு வீடு மாட்டிறைச்சிப் பங்கு போகிறது. அப்படிப்பட்ட நாங்கள், ஒரு பறவை தன் பிள்ளைக்கு இறைச்சி கொண்டுபோகிறது என்றால் முகம் சுளிக்கிறோம். புறா கூடு கட்டினால் பறக்கத்து, வீட்டுக்கு நல்லது என்போம். பருந்து கட்டினால் முஸீபத்தாம். கடற்கரைக்கு மேலால் பெரிய கடற்கழுகு போனால் பிள்ளைகளுக்குக் கை நீட்டிக் காட்டுவார்கள், ஏனென்றால் அது தூரத்தில் போகிறது. பக்கத்தில் வந்து குடியிருந்தால்தான் கசக்கிறது. எனக்கு அந்த நியாயம் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ராத்தா ஆளையே கூட்டி வந்துவிட்டாள். நற்பிட்டிமுனையிலிருந்து வருகிற தேங்காய் பறிக்கிற தம்பி. எங்கள் தெருவில் முக்கால்வாசித் தென்னைகளில் ஏறுகிறவர் அவர்தான். காலில் போடுகிற கயிற்று வளையத்தைத் தோளில் கொழுவிக்கொண்டு, ராத்தா காட்டிய மரத்தடியில் வந்து அண்ணாந்து நின்றார். நான் கொட்டிலிலிருந்து வந்த வேகத்தில் ஒரு செருப்பு வழியிலேயே கிடந்தது.

"ஆரக் கேட்டு என்ட வளவுக்குள்ள வந்த நீங்க? ஏறினா, இறங்க மரம் இரிக்காது சொல்லிட்டன்!"

இன்னும் என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றையும் எழுத முடியாது. அவர் திரும்பிப் போனார். மதிலுக்கு அந்தப் பக்கம் ராத்தாவின் முகம் கறுத்தது. அன்றிலிருந்து நாங்கள் கதைக்கவில்லை.

அந்த நிலையில்தான் நோன்பு மாதம் பிறந்தது. கூடப்பிறந்தவளோடு கதைக்காமல் நோன்பு பிடிப்பது எவ்வளவு பெரிய பிழை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதற்காக எங்களில் யார் இறங்கிப் போவது? ஆனால் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் அவள் கஞ்சிப் பாத்திரத்தை மதிலில் வைப்பாள். நான் எடுத்துக்கொண்டு, அதே இடத்தில் சமோசாத் தட்டை வைப்பேன். முகத்தைப் பார்ப்பதில்லை. ஊரில் தேங்காய் விலை ஏறிக் கிடந்தபோதும், என் சொந்த மரத்தில் காய் தொங்கத் தொங்க, நான் கடையில் தேங்காய் வாங்கிக் கறி வைத்தேன். கடைக்காரர் கேட்டே விட்டார். "எங்கட மரத்தில ஆக்கள் குடியிரிக்காங்க," என்றேன்.

குஞ்சுகள் இரண்டு. பஞ்சு மாதிரி இருந்தவை கபில நிறமாகி, கூட்டின் விளிம்புக்கு வந்து சிறகை அடித்துப் பழகின. நோன்பின் கடைசிப் பத்து நாளில் பெரியது மட்டைக்கு மட்டை தாவத் தொடங்கிவிட்டது. சின்னது எழும்பும், சிறகை விரிக்கும், ஒரு அடி வைக்கும், உடனே குப்புற விழும். முதல் நாள் பயந்த குஞ்சு என்று நினைத்தேன். இரண்டாம் நாள் வேறு யோசனை வந்தது. மூன்றாம் நாள் காலை வெயில் கூட்டின் மேல் நேரே விழுந்தபோது பார்த்தேன். விழுகிற ஒவ்வொரு முறையும் அதன் ஒரு கால் பின்னால் இழுபட்டு நிற்கிறது. காலுக்கும் கூட்டுக்கும் நடுவில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு.

சட்டியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுத் தளத்திலேயே இருந்துவிட்டேன். தாய்ப்பருந்து வந்து அறைந்தது. அறையட்டும் என்று இருந்தேன்.

பருத்தி நூல் என்றால் மழையிலும் வெயிலிலும் இற்றுப் போயிருக்கும். ஒரு உதறலில் அறுந்திருக்கும். நான் அழகுக்கென்று தேர்ந்து எடுத்துக் கொடுத்தது அறாத நூல். அறாது என்பதால்தானே அதைச் சேலைக் கரைக்குப் போடுகிறேன். முழ நீளத்துக்கு வெட்டியதும் நான், பார்க்கத் தோதாகத் தொங்கவிட்டதும் நான். ராத்தாவோ அவள் கூட்டி வந்த ஆளோ செய்யாததை நான் செய்து வைத்திருக்கிறேன். இன்னும் கொஞ்ச நாளில் மூத்தது பறந்துவிடும், தாயும் தகப்பனும் அதன் பின்னால் போய்விடும். இது கூட்டோடு கட்டுண்டு காய்ந்து சாகும். நான் தினமும் காலையில் நூல் காயப்போட வந்து அதைப் பார்ப்பேன்.

மரமேற ஆள் வேண்டும். நோன்போடு அந்த வெயிலில், பருந்திடம் அறை வாங்கிக்கொண்டு ஏற எங்கள் ஆட்களில் யார் வருவார்கள்? மனிசனைக் கேட்டேன். "எஞ்சினெண்டாப் பாப்பன்," என்றார். மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள்தான். என் வாயால் நான் விரட்டிய ஆள். நம்பரைக் கடைக்காரரிடம் வாங்கிப் போன் எடுத்தேன்.

"தம்பி, நான் அண்டைக்கு ஏசின ராத்தா."

"விளங்குது அக்கா," என்றார். சிரிப்பை அடக்குவது கேட்டது.

நடந்ததை முழுக்கச் சொன்னேன். என் நூல் என்பதையும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, "அண்டைக்கு நீங்க ஏசாட்டியும் நான் ஏறியிருக்க மாட்டன் அக்கா. பருந்து எண்டு மட்டும்தான் அவங்க சொன்ன. வந்து பாத்தாச் செம்பருந்து. நாங்க சாமிட வாகனம் எண்டு கண்டாக் கன்னத்தில போட்டுக் கும்பிடுற. அதுட கூட்டில கை வெப்பனா? அத நான் சொல்ல முதல் நீங்க தொடங்கிட்டீங்க," என்றார்.

இத்தனை நாளும் நான்தான் என் வாயால் அந்தக் கூட்டைக் காப்பாற்றினேன் என்ற நினைப்பில் திரிந்தவள். அந்த நினைப்பும் போனது.

அன்றைக்கே வந்தார். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. மனிசனின் தடித்த மேலங்கியையும் போட்டுக்கொண்டு, என் நூல் கத்தரிக்கோலை இடுப்பில் சொருகிக்கொண்டு ஏறினார். பாதி மரத்திலேயே இரண்டு பருந்தும் சேர்ந்து தொடங்கின. ஹெல்மெட்டில் அறை விழுகிற சத்தம் தெருவுக்குக் கேட்டது. நான் மேல்தளத்தில் நின்று துணியை ஆட்டி ஆட்டிக் கத்தினேன். என் பக்கம் வந்தால் அவருக்கு அறை குறையும் என்று. மதிலுக்கு அந்தப் பக்கம் ராத்தா வந்து நிற்பதைக் கண்டேன். அவள் கூப்பிட்ட ஆள், நான் விரட்டிய ஆள், இப்போது நான் கூப்பிட்டு ஏறிக்கொண்டிருக்கிறார். அவளுக்கு என்ன விளங்கியிருக்குமோ.

இறங்கியபோது அவர் கை முழுக்கக் கீறல். நூலைச் சுருட்டிக் கொண்டு வந்திருந்தார்.

"அறுத்து விட்டுட்டன். ஆனா நூல் சதைக்குள்ள இறங்கிட்டு அக்கா. அந்தக் கால் விரலெல்லாம் கறுத்துப் போச்சு. அது இனிக் காலில்ல. விழுந்துடும்."

ராத்தா மதிலிலிருந்து நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மறைக்கவில்லை. அவளுக்குக் கேட்க வேண்டும் என்றே உரத்துச் சொன்னேன்: "என்ட நூல்தான். நான்தான் குடுத்த."

ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு இதுதான்: "நான் கலைக்கத்தான் சொன்ன. நீ கட்டிப்போட்டுட்டாய்."

 கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும், வளவில் கிடந்த நூலையெல்லாம் பொறுக்கத் தொடங்கினேன். வேலிக் கம்பி, தண்ணி ஓடுகிற கான், கிணற்றடி, மண்ணுக்குள் புதைந்து கிடந்தது வரை. இரண்டு நாள் பொறுக்கினேன். முதுகு விட்டுப் போனது.

அதற்குப் பிறகு ஊருக்கே அந்தக் குஞ்சின் மேல் பாவம் பார்க்க ஆசை வந்துவிட்டது. ஒற்றைக் கால் பருந்து எப்படி மீன் பிடிக்கும், இறக்கி ஒரு கூண்டில் போட்டு வளர்த்தால் என்ன என்றார்கள். இன்னும் சிலர், பிழை விட்டது நீதானே, இனியாவது பிடிவாதத்தை விட்டு மரத்தை வெட்டு என்றார்கள். பிழை விட்டது நான்தான். ஆயிரம் பேருக்கு முன்னாலும் சொல்லுவேன். ஆனால் என் பிழைக்கு ஏன் அதன் வீட்டை இடிக்க வேண்டும்? இது எந்த ஊர் நியாயம்? கூண்டும் இல்லை, வெட்டவும் மாட்டேன் என்றேன். நூல் கொடுத்த கைதான் கூண்டும் கட்ட வேண்டுமா? தாயும் தகப்பனும் இன்னும் மீன் கொண்டு வருகின்றன. அவை கைவிடாத பிள்ளையை நான் யார் இறக்க?

உள்ளுக்குள் பயம் இருந்தது. தினமும் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு மேலே போவேன். சின்னது ஒரு காலில் நின்று, மற்றதை நெஞ்சுக்குள் மடித்து வைத்திருக்கும். மூத்தது பெருநாளைக்கு முந்திய நாளே கடற்கரைப் பக்கம் போய்விட்டது. பெருநாள் வந்தது, போனது. சின்னது இன்னும் கூட்டில்.

பெருநாள் முடிந்து பத்து நாள் இருக்கும். தறியில் இருந்தேன். காகங்களின் இரைச்சல் கேட்டது, அதற்கு மேலால் பருந்துகளின் அழுகுரல். வெளியே வந்து பார்த்தால் கூடு வெறுமை. மதிலால் எட்டிப் பார்த்தேன். ராத்தாவின் முற்றத்தில், உடுப்புத் தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில், சிறகு ஒருபக்கம் விரிந்தபடி நிலத்தில் கிடந்தது. காகங்கள் இறங்கி இறங்கிக் கொத்தின.

மதிலால் பாய்கிற வயதில்லை எனக்கு. தெருவால் சுற்றி ஓடினேன். ஓடும்போதே சண்டைக்கு வேண்டிய வார்த்தைகளையெல்லாம் வாயில் அடுக்கிக்கொண்டேன். கோழிக்காரியின் முற்றத்தில் பருந்து விழுந்திருக்கிறது, கையில் ஒரு தடி கிடைத்தால் போதும் அவளுக்கு. போய்க் கேற்றைத் தள்ளினால் உள்ளே கொளுக்கி போட்டிருந்தது.

கம்பிக்கிடையால் பார்த்தேன். ராத்தா முற்றம் கூட்டுகிற தும்புத்தடியைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு நின்றாள். முக்காடு தோளில் கிடந்தது. ஒரு காகம் விடாமல் எல்லாவற்றையும் விரட்டிக்கொண்டிருந்தாள். கோழிகளைக் கூட்டுக்குள் போட்டு அடைத்திருந்தாள். தாய்ப்பருந்து வந்து அவள் தலையில் ஒன்று கொடுத்தது. அவள் குனிந்தாளே தவிர இடத்தை விட்டு அசையவில்லை.

"கேற்றத் திற!" என்று கத்தினேன்.

"உள்ள வராத! ஆக்களக் கண்டா அது அரளுது. அங்கயே நில்லு."

என் பருந்தைப் பார்க்க எனக்கே தடை. நின்றேன். பகல் லுஹர் பாங்கு சொல்லும் வரைக்கும் நான் தெருவில், அவள் வெயிலில். பருந்து ஒற்றைக் காலால் எம்பும், சாயும், சிறகை ஊன்றி எழும்பும். ஒரு தரம் கல்லின் மேல் ஏறியது. விழுந்தது. மறுபடி ஏறியது. கல்லின் மேல் நின்று, கடல் பக்கத்துக் காற்றுக்கு முகத்தைக் கொடுத்து, இரண்டு சிறகையும் அகல விரித்தது. இந்த முறை கால் பின்னால் இழுபடவில்லை. மதிலுக்கு மேலால், மின்சாரக் கம்பிக்குக் கீழால், என் தலையைத் தொடுகிற மாதிரி வந்து, வீடுகளுக்கு மேல் உயர்ந்து கடல் பக்கம் போனது. தாயும் தகப்பனும் பின்னால் போயின. நான் நடுத்தெருவில் நின்று வாய்விட்டு அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன!

ராத்தா கொளுக்கியைத் தட்டிவிட்டுக் கேற்றைத் திறந்தாள். நெற்றியில் இரத்தமும் வியர்வையும் கலந்து வழிந்தன. அதைக் கையால் துடைத்துப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தாள்.

"போயிட்டு. இனி அந்தத் தென்னய வெட்டு."

"வெட்ட மாட்டன்."

"தெரியும்," என்று சொல்லிவிட்டு, கோழிகளைத் திறந்துவிடப் போனாள்.